கம்ப்யூட்டர் கடையில் பிறந்த மகன்

குமாரபாளையத்தில் நான் குடியிருப்பது ஒரு தறிப்பட்டறைக்கு மேலே. கீழே எட்டு விசைத்தறிகள். மேலே ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடக் கொஞ்சம் மொட்டைமாடி. வாடகை குறைவு என்பதால்தான் வந்தேன். முதல் வாரம் தறிச் சத்தத்தில் பல்லெல்லாம் ஆடுவதுபோல் இருந்தது. பிறகு அது காதில் விழுவதே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு விடும்போதுதான் வீட்டில் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊசி குத்தும்போது முக்கால்வாசிப் பேர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஊரில் பாதிப் பேருக்கு நான் ரத்தம் எடுத்திருப்பேன். கடைவீதியில் எதிரே வந்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

இருபத்தாறு வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. ஒன்றரை வருஷத்தில் அது முடிந்தும் போனது. குழந்தை இல்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தேன். அதற்குப் பிறகு இந்த மாடி.

கம்ப்யூட்டர் வந்தது எதிர்பாராமல்தான். கல்லூரிப் படிப்பு முடித்து வேலையில் சேரப்போகும் ஒருவர் மருத்துவச் சான்றிதழுக்காக ரத்தம் கொடுக்க வந்தார். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, "அக்கா, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்குதுங்க. யாராச்சும் வாங்குறவங்க இருந்தா சொல்லுங்க" என்றார். "நான் வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரே ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். "கிராபிக்ஸ் கார்டு பெருசுங்க்கா. சின்ன யு.பி.எஸ். தாங்காது, நேரா செவுத்துல குத்திருங்க" என்றார். தன்னுடைய படங்களையும் பாடங்களையும் அழித்தார். கடைசியில் ஒரு விளையாட்டு மட்டும் இருந்தது. "இதையும் எடுத்துறட்டுங்களா?"

"இருக்கட்டும்" என்றேன்.

அது லாரி ஓட்டும் விளையாட்டு. ஏதோ குளிர்தேசம். ஒரு ஊரில் சரக்கு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. முதல் நாள் லாரியைக் கிளப்பியதுமே ஒரு சுவரில் மோதி நிறுத்தினேன். ஒரு மாதத்தில் மலைப்பாதையில், மழையில், பின்னால் நீளமான டிரெய்லரோடு வளைவு திரும்பக் கற்றுக்கொண்டேன். வேலை முடிந்து வந்து, குளித்து, சாதம் வடித்துவைத்துவிட்டு உட்காருவேன். தறிச் சத்தத்தில் விளையாட்டின் சத்தம் அமுங்காமலிருக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். கண்ணாடியில் மழை விழும். துடைப்பான் இப்படியும் அப்படியும் போகும். வழியில் ஒரு மனிதர் குரல்கூட வராது. அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு நாள், நீளமான பாலம் ஒன்றின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை. விசிறி நின்று, மறுபடி சுற்றி, கம்ப்யூட்டர் முதலிலிருந்து உயிர்பெற்றது. பாதி வழி வந்த சரக்கு போனது. மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்த நாள் இரண்டு தடவை ஆனது.

இதில் ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்தது. படம் பார்த்தால் அணைவதில்லை. பாட்டு கேட்டால் அணைவதில்லை. விளையாடும்போது மட்டும்தான். பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவு தப்பாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்க மாட்டோம். ஒன்றை மாற்றுவோம், திரும்ப ஓட்டுவோம். அதே மாதிரி செய்யலாம் என்று நினைத்தேன். இணையத்தில் வீடியோ பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிபியு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே நீல நிறத்தில் பஞ்சு. விசிறி இறக்கைகளில், அதன் அடியில் இருந்த அலுமினியத் தகடுகளில், கம்பளி போர்த்தியதுபோல் அடர்ந்து கிடந்தது. கீழே தறியில் அந்த மாதம் ஓடியது நீல லுங்கி. ஜன்னல் வழியாக வந்த பஞ்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக இதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன். ஒரு கைப்பிடி இருந்தது. கம்ப்யூட்டரின் சூட்டைக் காட்டும் எண் சட்டென்று இறங்கியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெங்களூரில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டேன். "நீ கேம் விளையாடறியா? இந்த வயசுலயா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

நான்காம் நாள் மறுபடி திரை கறுத்தது.

ரேம் பலகைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டினேன். கம்ப்யூட்டர் தன் தவறுகளைக் குறித்துவைக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான்: எதிர்பாராமல் மின்சாரம் நின்றது. மின்சாரம் எங்கே நின்றது? தலைக்கு மேல் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. அந்த வரியை நான் நம்பவில்லை.

அதற்கு மேல் முடியாமல்தான் சேலத்துக்குக் கொண்டுபோனேன். கூட வேலை பார்க்கும் ஒருத்தி, புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கடையைச் சொல்லியிருந்தாள். பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சங்ககிரி தாண்டும்வரை ஒவ்வொரு குலுக்கலிலும் அதை அணைத்துப் பிடித்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "உள்ள என்ன சாமி, கொழந்தைக்கு நோவக்கூடாதுங்கற மாதிரி புடிச்சுட்டு வாரே?" என்று கேட்டார்.

கடைக்காரர் என் வயதுக்காரர்தான். சட்டைப் பையில் சின்ன டார்ச் வைத்திருந்தார்.

"என்னங்க மேடம் பிரச்சினை?"

"கேம் விளையாடறப்ப ஆஃப் ஆயிருதுங்க. படம் பாத்தா ஒண்ணும் ஆகறதில்ல."

"பையன் விளையாடறானுங்களா?"

பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஆமாங்க" என்றேன்.

"எத்தனாவது படிக்கிறானுங்க?"

"பதினொண்ணாவது."

"எம்பொண்ணும் பதினொண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் திறந்தார். "பரவாயில்லையே, சுத்தமா தொடச்சு வெச்சிருக்கானே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கல்யாணம் நிலைத்து ஒரு குழந்தை பிறந்திருந்தால், ஏறத்தாழ அந்த வகுப்பில்தான் இருந்திருக்கும். யோசிக்காமல் சொன்ன பதில் எப்படி அவ்வளவு சரியாக வந்தது என்று எனக்கே திக்கென்றது.

இரண்டு நாள் கடையிலேயே வைத்து ஓடவிட்டுப் பார்த்ததாகக் கடைக்காரர் சொன்னார். கிராபிக்ஸ் கார்டை முழு வேகத்தில் ஓட்டும் சோதனைகூடப் போட்டாராம். ஒரு தடவைகூட அணையவில்லை. "ஒண்ணுமே இல்லீங்க மேடம். தம்பி ஏதாச்சும் தப்பா அழுத்தறானோ என்னவோ." வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். அன்று மாலையே அணைந்தது. இருட்டான திரையில் என் முகம் தெரிந்தது. வேறு யார் கண்ணிலும் படாமல் எனக்கு மட்டும் நடக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. நிஜமாகவே நடக்கிறதா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அவரைப் போனில் கூப்பிட்டேன். அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. கடை சாத்தும் நேரத்தில் பேசுவார்.

"தம்பிய ஒரு வேலை பண்ணச் சொல்லுங்க. கேம் செட்டிங்ல போயி படத்தோட தரத்தைக் கொறைச்சு வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. அப்பவும் ஆஃப் ஆகுதான்னு."

நான் செய்து பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடுவேன். "பாத்துட்டானுங்க. கொறைச்சு வெச்சா அவ்வளவா ஆகறதில்லீங்களாம். ஏத்தி வெச்சா ஆகுதுங்களாம்."

"அப்படீன்னா கரன்ட் அதிகமா இழுக்கறப்பதான் விழுகுது. எஸ்.எம்.பி.எஸ். மேல சந்தேகமா இருக்குதுங்க." மின்சாரத்தைப் பிரித்து உள்ளே கொடுக்கும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். "ஆனா எங்கிட்ட நல்லாத்தானே ஓடுச்சு? ஒயரு லூசா இருக்குதான்னு தம்பிய அழுத்திப் பாக்கச் சொல்லுங்க."

அழுத்திப் பார்த்தேன். வேறு பிளக்கில் குத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவன் செய்ததாகச் சொன்னேன். "தம்பிக்குப் பொறுமை ஜாஸ்திங்க மேடம். எம்பொண்ணா இருந்தா ரெண்டாவது தடவையே தூக்கிப் போட்டிருப்பா" என்று ஒரு நாள் சொன்னார். போனை வைத்த பிறகும் என் முகத்தில் சிரிப்பு இருந்தது. அரைப்பரீட்சை சமயத்தில், "ரொம்ப ஓட்ட விட்றாதீங்க, படிக்கட்டும்" என்றார். அந்த வாரம் நிஜமாகவே நான் விளையாடவில்லை. நினைத்தால் இப்போது வேடிக்கையாக இருக்கிறது. அப்போது அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. பரிசோதனைக் கூடத்தில் நான் ஒரு நாளைக்குப் பேசுவது, 'கையை மடக்குங்க', 'ரிசல்ட் சாயந்தரம் வாங்கிக்கங்க', அவ்வளவுதான். இந்தப் போனில்தான் ஒருவர் நான் சொல்வதை முழுதாகக் கேட்டு, யோசித்து, பதில் சொன்னார்.

தை மாதம் அவரே ஒரு நாள் கூப்பிட்டார். "புதன்கிழமை பவானியில சொந்தத்துல ஒரு கல்யாணங்க. ஆத்தைத் தாண்டுனா உங்க ஊருதானே. மீட்டர் கொண்டாந்து உங்க ஊட்டுக் கரன்டையே பாத்தர்றேன். எனக்கே இது மண்டையக் குடையுது."

வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு ஆண் மாடியேறி வந்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். தறிப்பட்டறை வைத்திருக்கும் கீழ்வீட்டு அக்காவிடம் போனேன். "அக்கா, கம்ப்யூட்டர் பாக்க ஒருத்தர் வாரார். கொஞ்ச நேரம் மேல வந்து உக்காருங்களேன்."

"அதுக்கென்ன கண்ணு, வாரேன்" என்றார்.

மகனைப் பற்றி அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கடைக்காரர் கல்யாணச் சட்டையோடு, கையில் தாம்பூலப் பையும் ஒரு மல்டிமீட்டருமாக வந்தார். அக்கா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி இல்லீங்களா?" என்று கேட்டார்.

"எந்தத் தம்பி?" என்றார் அக்கா.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தலைமுடியைக் கோதிக்கொண்டே, "ஓ, அவனுங்களா? பந்து வெளையாடப் போயிட்டானுங்க. கூப்புட்டாலும் வரமாட்டான்" என்றார்.

கடைக்காரர் தலையாட்டினார். "சரி, யாராச்சும் ஒருத்தரு ஓட்டுனாத்தான் தெரியும். நீங்களே ஓட்டுறீங்களா மேடம்? சும்மா நேரா போனாப் போதும்."

உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை, மரியாதையாக இருக்காது என்று. அவர் சுவரில் பிளக்கின் பக்கத்தில் மீட்டரைக் குத்தி வைத்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். தடுமாறுவதுபோல் ஓட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் வளைவிலேயே மறந்துவிட்டது. மலை ஏறி, சுரங்கப்பாதைக்குள் விளக்கைப் போட்டு, இறங்கும்போது கியரைக் குறைத்து, டிரெய்லர் இழுக்காமல் திருப்பினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பாயிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

அரைமணி நேரம் ஆகியும் அணையவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அக்கா கீழே போய்க் காபி கொண்டுவந்தார். அந்த நேரத்தில் கீழே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாயந்தரத் தேநீர் நேரம். வீடே வாயை மூடிக்கொண்ட மாதிரி ஆனது. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் கழித்துக் கீழே 'சடக்' என்று ஒரு சத்தம். எல்லாத் தறிகளும் ஒன்றாகக் கிளம்பின. அதே கணத்தில் திரை கறுத்தது.

"பாத்தீங்களா!" என்று கத்திவிட்டேன்.

"பாத்தனுங்க, பாத்தனுங்க" என்றார் அவர். மீட்டரை என் பக்கம் திருப்பினார். "இருநூத்து இருவத்தஞ்சு இருந்துச்சு. தறி போட்டதும் நூத்தி அறுவதுக்கு விழுந்து ஏறுது. கண்ணுல படறதுக்குள்ள ஏறிருச்சு. இந்த லைட்டெல்லாம் அந்த ஒரு நொடிக்கு மங்காதுங்க, அதான் உங்களுக்குத் தெரியல. படம் பாக்கறப்ப எஸ்.எம்.பி.எஸ். சமாளிச்சிருது. கேம் ஓடறப்ப அதுக்குத் தெம்பு இல்ல, பழசு. கடையில கரன்ட் ஒரே சீரா இருக்கறதுனால எனக்குப் புடிபடல."

அக்கா நெஞ்சில் கை வைத்தார். "அட, எங்க தறியா இந்தப் பொட்டிய அணைச்சுது? மேல் ஊட்டுக்குத் தனியா லைன் இழுக்கோணும்னு எங்கூட்டுக்காரர் சொல்லிட்டே இருந்தாருங்க. பட்டறை லைன்லயே ஒட்டுப் போட்டு வெச்சிருக்குது."

எனக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது. எதிர்பாராமல் மின்சாரம் நின்றது. கம்ப்யூட்டர் முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றிவைத்து ஒரு நாள் விளையாடியிருந்தால் நானே கேட்டிருப்பேன்.

கிளம்பும்போது அவர் படியில் நின்று, "புது எஸ்.எம்.பி.எஸ். பஸ்ஸுல குடுத்து விடறேன். லைனை மட்டும் மாத்திருங்க. இனிமேப்பட்டு நிக்காதுன்னு தம்பிகிட்டச் சொல்லிருங்க" என்றார். ஒரு நொடி நிறுத்தி, "நல்லா ஓட்டறீங்க மேடம்" என்றார்.

தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன். தெரிந்தும், என்னைச் சங்கடப்படுத்தாமல் மகனை அப்படியே விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் போன பிறகு அக்கா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "பையனுக்கு என்ன பேரு வெச்சிருக்கே?" என்று கேட்டார். கேலி இல்லை அதில்.

"பேரு என்னன்னு அவர் கேக்கவே இல்லீங்க்கா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு இறங்கிப்போனார். அதைப் பற்றி அக்கா பிறகு என்றும் பேசியதில்லை.

லைனை மாற்றினார்கள். புது எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நானே மாட்டினேன். அதற்குப் பிறகு இன்றுவரை கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணைந்ததில்லை. ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் போனில் கேட்டார், "ஓடுதுங்களா?" "நல்லா ஓடுதுங்க." அவ்வளவுதான். அடுத்துக் கூப்பிடக் காரணம் எதுவும் இல்லை. முதல் மாதம் போனை அடிக்கடி பார்த்தேன். விசிறியில் ஏதாவது வித்தியாசமான சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டதும் உண்டு. வரவில்லை. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரு தெம்பு இருந்தது. சேலத்தில் ஒருவர் என்னைப் பார்த்திருக்கிறார், என் பொய்யையும் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டுக் குறைவாக நினைக்கவில்லை. வளைவுகளில் நன்றாகத் திரும்பும்போது சில சமயம் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்ப்பேன்.

அதற்கடுத்த ஆண்டு மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு செய்தி. அவர்தான். மகள் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள் என்று மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே, "தம்பி என்ன மார்க்குங்க மேடம்? நல்லா பண்ணியிருப்பானே, பொறுமைசாலி" என்று இருந்தது.

டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டேன். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் புதன்கிழமை அவர் கவனமெல்லாம் மீட்டரில்தான் இருந்திருக்கிறது. 'நல்லா ஓட்டறீங்க' என்றது, மகனிடம் கொஞ்சம் கற்றுக்கொண்ட ஒரு தாயிடம் சொன்னது.

பாஸ் என்று போட்டிருக்கலாம். ஒரு மார்க்கும் போட்டிருக்கலாம். பிறகு எந்தக் கல்லூரி என்று கேட்பார், அதையும் சொல்லலாம். அப்படிப் பல வருஷம் பேசிக்கொண்டிருக்க வழி இருந்தது. எனக்கு ஏனோ அலுத்துப்போயிற்று. எழுதினேன்: "உங்க பொண்ணுக்கு வாழ்த்துகளைச் சொல்லுங்க. எனக்குப் பையன் இல்லீங்க. கேம் விளையாடறது நான்தான். அன்னிக்குச் சொல்ல முடியல."

உடனே பார்த்துவிட்டார். மேலே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. வெளியே ஒருவர் ரிசல்ட் வாங்க வந்து கதவைத் தட்டினார். போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது.

"ஓ. சரிங்க மேடம்."

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வேறு என்னதான் எழுத முடியும் அவரால்? அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன். கோதுமை ரவையைக் கழுவி அடுப்பில் வைத்தேன். கீழே அந்த வாரம் சிவப்புத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் மெல்லிய சிவப்புப் பஞ்சு படிந்திருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து, வடக்கே ஒரு துறைமுகத்துக்குப் போகும் சரக்கை எடுத்தேன்.